அமெரிக்காவின் தெற்கு நியூயார்க் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதிகள் எப்படி அமைகிறார்கள்?

அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் தொடர்பான வழக்குகளை முதலில் விசாரிக்கும் 94 மாவட்ட நீதிமன்றங்களில் ஒன்று, 1814-இல் தனி நீதிமன்றமாக உருவான தெற்கு நியூயார்க் மாவட்ட நீதிமன்றம். மன்ஹாட்டன், பிராங்ஸ் உள்ளிட்ட எட்டு கவுண்டிகள் இதன் எல்லைக்குள் அடங்கும்; ஆற்றுப்பாலத்துக்கு அப்பால் உள்ள புரூக்ளின் அடங்காது, அது கிழக்கு மாவட்டத்தைச் சேர்ந்தது.

இங்குள்ள 28 நீதிபதிப் பணியிடங்களுக்கும் அதிபர் பெயரை முன்மொழிய, செனட் ஒப்புதல் அளிக்கிறது. அவர்களுக்கு ஓய்வு வயது கிடையாது. சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. தம்மை நியமித்த அதிபருக்கு எதிராகவே தீர்ப்பெழுத நேர்ந்தாலும் கை தயங்கக் கூடாது என்பதே இதற்குக் காரணம். பிணை போன்ற தொடக்கநிலை வேலைகளை, இந்த நீதிபதிகள் எட்டாண்டுக் காலத்துக்கு நியமிக்கும் மாஜிஸ்திரேட் நீதிபதிகள் கவனிக்கிறார்கள்.

தலைமை நீதிபதிப் பொறுப்பு, 65 வயது நிரம்பாதவர்களில் பணிமூப்பு மிக்கவருக்கு, அதிகபட்சம் ஏழாண்டுகளுக்குச் சேர்கிறது. பள்ளியில் கால அட்டவணை போடும் தலைமையாசிரியர், மற்றோர் ஆசிரியர் திருத்திய விடைத்தாளின் மதிப்பெண்ணை மாற்ற இயலாததைப் போல, இவரும் சக நீதிபதியின் தீர்ப்பைத் திருத்த முடியாது. அது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வேலை.

‘மாவட்டம்’ என்ற சொல்லைப் பார்த்து, இதை நம் ஊர் மாவட்ட நீதிமன்றத்தைப் போல விவாகரத்தும் வாரிசுத் தகராறும் விசாரிக்கும் இடமாகப் பலர் கருதுகிறார்கள். அவை அங்கே மாநில நீதிமன்றங்களுக்கே போகும்.