பண்பாட்டிடை உறவுகள் படிக்க விரும்பும் மகள்: ஸ்காபரோவில் வாழும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

கணக்கியலும் தாதியியலும் வேண்டாம், பண்பாட்டிடை உறவுகளும் சமூகப் பன்மைத்துவமும் படிக்கப் போகிறேன் என்று 12ஆம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகள் சொன்னதும், இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அது நியாயமான கேள்வி. அந்தப் பெயரை மட்டும் தாங்கிய பட்டத்துக்கென்று தனியாக ஒரு வேலை காத்திருக்கவில்லை. ஆனால் அதனுடன் சட்ட அறிவையோ புள்ளியியலையோ பிரெஞ்சு மொழியையோ சேர்த்துக்கொண்டவருக்குக் கனடாவில் வேலை உண்டு.

இது திருவிழாக்களையும் உணவு வகைகளையும் பற்றிய படிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 1971இல் கனடா பல்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தது. 1988இல் அது தனிச் சட்டமாயிற்று. 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 23 விழுக்காட்டினர் குடிவரவாளர்கள். இத்தனை பேர் ஒரே பாடசாலையையும் மருத்துவமனையையும் அலுவலகத்தையும் பகிர்ந்துகொள்ளும்போது எழும் சிக்கல்களைத் தீர்ப்பதே இத்துறையின் வேலை. தம் பண்பாட்டைக் காத்துக்கொள்ள விரும்புகிறார்களா, மற்றவர்களுடன் கலந்து பழக விரும்புகிறார்களா என்ற இரண்டு கேள்விகளை வைத்துக் குடிவரவாளர்களின் வாழ்க்கைப் போக்கை நான்காக வகுத்தவர், குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜோன் பெர்ரி. உங்கள் மகள் முதலாம் ஆண்டிலேயே இதைப் படிக்கக்கூடும். அந்த நான்கில் தன் வீடு எங்கே நிற்கிறது என்று உங்களிடமே கேட்கவும் கூடும்!

புதிதாக வந்தவர்கள் இங்கே நிலைகொள்ள உதவும் ஒரு குடியமர்வுப் பணியாளரின் மேசையைப் பாருங்கள். புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கடன் வரலாறு இல்லை என்று சொல்லி, ஆறு மாத வாடகையை முன்பணமாகத் தந்தால்தான் வீடு என்கிறார் உரிமையாளர். ஒரு மாத வாடகைக்கு மேல் வைப்புப் பணம் கேட்க ஒன்ராறியோச் சட்டம் இடம் தருவதில்லை என்பதைப் பணியாளர் அறிந்திருக்க வேண்டும். அதை உரிமையாளருடன் பகை வளராதபடி எடுத்துச் சொல்லவும், ஊரில் அதிகாரிகளுக்கு அஞ்சிப் பழகிய அந்தத் தந்தைக்கு இங்கே முறையிடுவது குற்றமல்ல என்று உணர்த்தவும் வேண்டும். தமிழும் ஆங்கிலமும் தெரிந்திருந்தால் மட்டும் இதைச் செய்துவிட முடியாது.

இந்தப் பணிகளில் பல, அரசு நிதியில் ஓடும் ஒப்பந்த வேலைகள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டுக்கு 5,00,000 ஆகத் திட்டமிட்டிருந்த நிரந்தரக் குடிவரவு இலக்கை மத்திய அரசு 3,95,000 ஆகக் குறைத்தது. வருகிறவர்கள் குறைந்தால் குடியமர்வு அமைப்புகளின் நிதியும் சுருங்கும். ஆகவே இந்த ஒரு வாசலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 1986இல் முதன்முதலில் வந்த வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்படி, மத்திய அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வங்கிகள், விமான நிறுவனங்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் போன்றவற்றில் 100 பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்தால், நிறுவனம் தன் பணியாளர்களின் பன்மைத்துவம் பற்றி ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். அதைத் தயாரிக்கத் தரவுகளைக் கையாளத் தெரிந்தவர் தேவை. அமெரிக்காவில் 2025இல் மத்திய அரசின் பன்மைத்துவத் திட்டங்கள் நிறுத்தப்பட்ட செய்தி உங்களைக் கலங்க வைத்திருக்கலாம். இங்கே இந்த வேலைகள் பலவற்றுக்குச் சட்டமே அடிப்படை என்பதால் நிலைமை வேறு.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் புலம்பெயர் சமூகங்கள் பற்றிய இளங்கலைப் பாடநெறி உள்ளது. பின்னர் ரொறன்ரோ மெட்ரோபொலிற்றன் பல்கலைக்கழகத்தில் குடிவரவு, குடியமர்வு தொடர்பான முதுகலையும் படிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் சம்பளத்துடன் கூடிய பணிப்பயிற்சி உண்டா என்பதையே முதலில் விசாரியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அதுவே முக்கியம் என்பது என் கருத்து.

இப்போதைக்கு, 12ஆம் வகுப்பில் தரவு மேலாண்மைக் கணிதத்தை அவர் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழுக்குத் தேவையான 40 மணிநேரச் சமூகப் பணியில் ஏதேனும் மீதமிருந்தால், அதை ஒரு குடியமர்வு அமைப்பின் வரவேற்பு மேசையில் செய்யச் சொல்லுங்கள். விண்ணப்பத்துக்கான இறுதி நாள் ஜனவரி நடுப்பகுதியில் வருவதால், அதற்கு முன்பே இந்த வேலை தமக்கு ஏற்றதா என்பதை அவர் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.