அலறியது சங்கா, காதா?

கேள்வி: என் மகனின் திருமணம் கொல்கத்தாவில் பெண் வீட்டார் முறைப்படி நடந்தது. நல்ல நேரத்தில் பெண்கள் கூடி ஊதிய சங்கு அலறியதும் என் அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். சாவு வீட்டு ஓசையை அவர்கள் எப்படி ரசிக்கிறார்கள்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: 'அலறியதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கு முழங்கும், அலறுவது கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி. பக்கத்து நாற்காலிக்காரரோடு சைகையில் பேச வைக்கும் அந்த இரைச்சலைப் பற்றி இப்பகுதியில் பலமுறை புலம்பியிருக்கிறேன். அதை அபசகுனம் என்று எந்த அக்காவும் எழுந்து போனதாக இதுவரை கடிதம் வரவில்லை.

ஆண்டாள் கண்ட கல்யாணக் கனவில் 'மத்தளம் கொட்ட வரிசங்கம் நின்றூத'த்தான் மதுசூதன் கைத்தலம் பற்றுகிறான். பட்டினத்தார் மூன்று சங்குகளை எண்ணுகிறார்: பிள்ளைக்குப் பால் புகட்டுவது, மணத்தன்று விலங்கு பூட்டுவது, கடைசியில் ஊதுவது. முதலாவதன் இடத்தைப் பால்புட்டியும் இரண்டாவதன் இடத்தைக் கெட்டிமேளமும் பிடித்துக்கொள்ள, மூன்றாவது மட்டும் சேகண்டியோடு தெருவில் மிஞ்சியது. அதே ஒலியைக் கோயிலுக்குள் கேட்டால் கைகூப்புகிறோம், வாசலில் கேட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். வங்காளத்திலோ அந்தி விளக்கேற்றும் வேளையில் வீட்டுப் பெண்கள் ஊதுவது சங்கு. சுமங்கலியின் கையில் கிடப்பது சங்கு வளையல். உங்கள் மருமகளுக்கு அந்த ஒலி அம்மா விளக்கேற்றிய நேரம். உங்கள் அக்காவுக்கு அது எந்த வீட்டு வாசலோ, யார் அறிவார்?

'சங்கு ஊதியாயிற்று' என்பதைவிட முடிவான வசை நம்மிடம் இல்லை. இந்த இதழுக்கு அப்படி ஊதிய கவிஞர் ஒருவர் பின்னர்த் தாமே ஓர் இதழ் தொடங்கினார். நான்காம் இதழோடு அது நின்றபோது நான் ஊதவில்லை. மூச்சு இல்லாததால் அல்ல.

ஊரின் பெயரைப் பார்த்த பிறகு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வங்காளத்துச் சங்கறுக்கும் தொழிலாளருக்குத் தலைமுறை தலைமுறையாகச் சரக்கு போனது மன்னார் வளைகுடாவிலிருந்து. உங்கள் ஊர்க்காரர்களும் கீழக்கரைக்காரர்களும் மூழ்கி எடுத்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தச் சங்கைப் பற்றி 1914இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஆகவே சம்பந்தி வீட்டில் அன்று முழங்கியது தூத்துக்குடிச் சீதனமாகவே இருந்திருக்கலாம். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பிறந்த ஊர்ச் சீரைக் கண்டு எழுந்து போனவர் என்று பெயர் வந்துவிடப் போகிறது.