தொடை ரத்தக்கட்டை உருவினால் கரையுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்குக் கபடியில் எதிராளியின் முழங்கால் தொடை முன்பக்கத்தில் பலமாக இடித்துவிட்டது. மூன்று வாரமாகியும் உள்ளே கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது. காலைப் பாதிதான் மடக்குகிறான். எக்ஸ்ரேயில் எலும்பு போல வெள்ளையாகத் தெரிகிறதாம். எண்ணெய் போட்டு உருவினால் கரையும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. ஒரு நாள்கூட உருவ விடாதீர்கள்.

முழங்காலை நீட்டும் நான்கு தசைகளில் வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் என்பது அடி ஆழத்தில், தொடை எலும்பின் மேலேயே படிந்திருக்கிறது. இடி விழுந்தால் விலக இடமில்லாமல் எலும்போடு நசுங்குவது பெரும்பாலும் இதுதான். உள்ளே ரத்தம் கட்டுகிறது. சிலருக்கு அந்த இடத்திலேயே புது எலும்பு உருவாகிறது. மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்பார்கள். எக்ஸ்ரேயில் தெரிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். உங்கள் மகனுக்கும் அதே கணக்குதான்.

உருவினால் ஆறிவரும் தசை மறுபடி கிழிந்து, மறுபடி ரத்தம் கசியும். எலும்பு இன்னும் பெருக்கும். சூடு ஒத்தடமும், பிறர் அழுத்தி மடக்கிவிடுவதும் இப்போது ஆகாது. "மூன்று தடவை நீவினால் சரி" என்று முன்பணம் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடிபட்ட உடனே முழங்காலை முடிந்தவரை மடக்கி, சுமார் 120 டிகிரியில், கிரேப் பேண்டேஜ் சுற்றி 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை 15–20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கொரு முறை வைக்க வேண்டும். இத்தனை போட்டி நடத்துகிறார்கள், மைதானத்தில் ஒரு ஐஸ் பெட்டி வைக்க முடியாதா?

இப்போது நொண்டினால் ஊன்றுகோல் கொடுங்கள். வலிக்காத அளவுக்கு அவனே மடக்கி நீட்டட்டும். காலை நீட்டி வைத்துத் தொடையை 5 விநாடி இறுக்கி விடட்டும். 10 முறை, தினம் மூன்று வேளை. மற்றக் காலுக்குச் சமமாக மடங்கி, பலமும் திரும்பும்வரை களம் கூடாது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். எலும்புப் புற்றுநோயும் இப்படி வெள்ளையாகத் தெரியலாம். அடியால் வந்ததில் ஓரம்தான் முதலில் வெள்ளையாகி வளையம் போலிருக்கும், நடுப்பகுதி மங்கலாக இருக்கும். புற்றில் பெரும்பாலும் நடுவே அடர்த்தி. இந்த வாரங்களில் சதை எடுத்துப் பரிசோதித்தால், வேகமாகப் பெருகும் செல்களைப் பார்த்துப் புற்றென்றே முடிவு வரக்கூடும். சீட்டில் "தொடை வலி" என்று மட்டும் எழுதி ஸ்கேனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடிபட்ட தேதியை நீங்களே எழுதச் சொல்லுங்கள்.

அதற்காக அடி பட்டதை மட்டும் நம்பியும் இருந்துவிடக் கூடாது. ஏற்கெனவே உள்ள கட்டி, லேசான அடிக்குப் பிறகுதான் கண்ணில் படும் என்பதும் உண்டு. இரவில் வலி கூடினாலோ, 6 வாரத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ, நேரே எலும்புப் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் போங்கள். பரிசோதனைக்குச் சதை எடுக்க ஊசி போடும் இடத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போதே வெட்டி எடுக்கலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். எலும்பு முதிருமுன் எடுத்தால் திரும்ப வளரும். பெரும்பாலானவை தாமாகச் சுருங்கும்; தேவைப்படும் சிலருக்கும் 6 முதல் 12 மாதம் கழித்துத்தான் அறுவை. நான்கு வாரத்தில் மறு எக்ஸ்ரே எடுங்கள். ரிப்போர்ட்டோடு பழைய படத்தையும் கையில் கொண்டுபோங்கள்.