பண்ணைக் குட்டை மீன்: இரண்டு நாள் கேள்வி பதில்

அறந்தாங்கிப் பக்கம் எனக்கு மூன்று குட்டைகள் இருக்கின்றன. 14 வருடமாக மீன் விட்டுப் பிடிக்கிறேன், நடுவில் இரண்டு வருடம் நஷ்டம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன். நன்னீர் மீன் பற்றி எதையும் கேட்கலாம். கடலும் கண்ணாடித் தொட்டிக் கலர் மீனும் எனக்குத் தெரியாது.

பட்டுக்கோட்டையிலிருந்து: 10 சென்ட் குட்டை, 5 அடி தண்ணீர் நிற்கும். எத்தனை குஞ்சு விடலாம்? குஞ்சு விற்பவர் 2000 விடச் சொல்கிறார்.

அவர் விற்பவர், அப்படித்தான் சொல்வார். 10 சென்ட் என்றால் சுமார் 400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சு என்று வைத்து 400 விடுங்கள், போதும். 2000 விட்டால் வருடக் கடைசியில் கை நீளத்துக்கு 2000 மீன் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. கட்லா 160, ரோகு 120, மிர்கால் 120. கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்றும் ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அதிகம் கை வைக்காது.

மூன்று, நாலு அங்குல விரலிகளாக வாங்குங்கள். விலை குறைவு என்று கண்ணுக்குத் தெரியாத பொடியை வாங்கினால் தவளையும் தண்ணீர்ப் பாம்பும்தான் வளரும்.

எண்ணும் இடத்தில் கண்ணை எடுக்காதீர்கள். ஓட்டை போட்ட சின்னக் கிண்ணத்தில் மொண்டு முதல் கிண்ணத்தை உங்கள் எதிரில் எண்ணுவார்கள், தளும்பத் தளும்ப மீன் இருக்கும். அதை வைத்துத்தான் கணக்கு. ஏழாவது, எட்டாவது கிண்ணத்தைப் பாருங்கள், பாதி தண்ணீர். நான் முதல் வருடம் ஆயிரத்துக்குக் காசு கொடுத்து அறுநூறைக் கொண்டு வந்தவன். நடுவில் ஏதாவது ஒரு கிண்ணத்தை நீங்களே கை காட்டி, "இதை எண்ணுங்க" என்று சொல்லுங்கள். அப்புறம் எல்லாக் கிண்ணமும் தானாக நிறையும்.

ஆக்சிஜன் பிடித்த பையைக் கொண்டு வந்ததும் அவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். பையோடு 15, 20 நிமிடம் குட்டையில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரை உள்ளே விட்டு, மீன் தானாக நீந்திப் போகட்டும்.

இன்னொன்று, இதை எல்லோருக்குமே சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலை 4 மணிக்கு டார்ச்சோடு குட்டைக்குப் போங்கள். பகலில் பார்ப்பது குட்டையே இல்லை.

கரூரிலிருந்து: பழைய கல்குவாரிக் குழி, 2 ஏக்கர், 60 அடி ஆழம் என்கிறார்கள். மீன் விட்டு மூன்று வருடம் ஆகிறது. எவ்வளவு மீன் இருக்கிறது என்று பார்க்க சோனார் ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாமா?

இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதான் காத்திருந்தேன்.

சோனார் மீனைப் படம் எடுப்பதில்லை. கருவி ஒரு ஒலியைக் கீழே அனுப்புகிறது, அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு ஆழம் சொல்கிறது. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். மீனின் சதை கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரிதான், ஒலியைப் பெரிதாகத் திருப்பாது. அதிகம் திருப்புவது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. திரையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காற்றுப்பையைத்தான்.

ஒலி கூம்பாக விரிந்து இறங்கும். சாதாரண 200 கிலோஹெர்ட்ஸ் கருவிக்குக் கூம்பின் கோணம் 20 டிகிரி என்று வைத்தால், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அகலம் தெரியும். உங்கள் 60 அடியில், தரையில் 21 அடி வட்டம். பரவாயில்லை. அதே கருவியை மேலே கேட்ட பட்டுக்கோட்டைக்காரர் தன் 5 அடிக் குட்டையில் போட்டால் இரண்டடி வட்டம்கூட வராது, ஒரு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி. அதனால் பண்ணைக் குட்டைக்கு சோனார் கேட்கிறவர்கள் அந்தக் காசுக்கு ஒரு நல்ல வீச்சு வலை வாங்குங்கள்.

திரையில் மீன் வில்லாக வளைந்து தெரியும். மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது கருவியிலிருந்து தூரம் அதிகம், நேர் கீழே வரும்போது குறைவு, மறு ஓரத்தில் மறுபடி அதிகம். அதுதான் வில். பரிசல் நின்று மீனும் நின்றால் வில் வராது, நீளக் கோடு வரும். கோட்டைப் பார்த்து எவ்வளவு பெரிய மீன் என்று மலைக்காதீர்கள், அரைக் கிலோ மீன் அசையாமல் நின்றாலும் கோடுதான். குட்டி மீன் பொம்மை காட்டும் வசதி இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். அடியில் மக்கும் இலையிலிருந்து குமிழி கிளம்பினாலும் அது மீன் பொம்மை போடும். எண்ணிக்கையும் வராது, ஒரே மீன் நாலு தடவை கூம்புக்குள் வந்து போனால் நாலு மீன்தான்.

ஆனால் உங்களுக்கு ஒரு வேலைக்கு அது உதவும், ஆழ வரைபடம். எங்கே திட்டு, எங்கே செங்குத்தாக இறங்குகிறது என்று பரிசலில் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் உணர்திறனைக் கூட்டி வைத்தால் ஒரு ஆழத்தில் மெல்லிய புகைக்கோடு மாதிரி தெரியலாம். மேலே சூடான தண்ணீரும் கீழே குளிர்ந்த தண்ணீரும் பிரியும் இடம் அது. அதற்குக் கீழே காற்று இல்லை, மீனும் இருக்காது. 60 அடி ஆழம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, மீன் வாழ்வது மேலே கொஞ்ச தூரத்தில்தான். குஞ்சுக் கணக்கையும் ஆழத்தை வைத்துப் போடாதீர்கள், வெயில் படும் பரப்பை வைத்துப் போடுங்கள். குவாரியில் பாசி குறைவு என்பதால் நான் பாதிதான் விடுவேன். பெருமழை பெய்து மேல்தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால் அடித்தண்ணீர் மேலே புரளும், மறுநாள் காலை மீன் மிதக்கும். அப்படி நடந்தால் யாரோ விஷம் வைத்துவிட்டான் என்று பக்கத்து ஊர்க்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இழுவலை பாறையில் கிழியும். செவுள் வலை போடுங்கள், இல்லை தூண்டில். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசலில் ஏறாதீர்கள். குவாரிக்குக் கரை கிடையாது, விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது.

கோவையிலிருந்து: என் தோட்டத்துக் குட்டையில் டிரவுட் வளர்க்கலாமா?

முடியாது. அதற்குக் குளிர்ந்த ஓடுதண்ணீர் வேண்டும். நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்பவர் பொரிப்பகம் அமைத்தார், ஊட்டிக்குப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாமக்கல்லிலிருந்து: பக்கத்தில் கோழிப்பண்ணை, எரு சும்மாவே தருகிறார்கள். 20 சென்ட் குட்டை, மீன் முக்கால் கிலோ வந்துவிட்டது. ஒரு டிராக்டர் எரு அடிக்கலாமா அண்ணே?

அடிக்காதீர்கள் தம்பி. சும்மா கிடைப்பதுதான் இதில் ஆபத்து.

எரு போட்டால் பாசி வரும், தண்ணீர் பச்சையாகும், மீன் வளரும், எல்லாம் சரி. பகலில் பாசி ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் அதே பாசி மூச்சு விடும், மீன் மூச்சு விடும், அடியில் எருவும் மக்கிக்கொண்டே ஆக்சிஜனைத் தின்னும். விடிவதற்கு முன்னால் சட்டி காலி. என் மூன்றாவது வருடம், ஐப்பசி மாதம், மூன்று நாள் வானம் மூடியிருந்தது. அந்த நேரம் பார்த்து நான் கோழி எரு கொட்டினேன். நாலாம் நாள் காலை ஏழு மணிக்குப் போனால் கரையோரம் முழுக்க வெள்ளை வயிறு. பெரிய மீன்தான் முதலில் போகும். இன்னும் ஒரு மாதத்தில் விற்க வைத்திருந்தவை எல்லாம் போய், சின்னதுகள் மட்டும் மிச்சம்.

முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் சரியான பச்சை. மணிக்கட்டுக்கே மறைந்துவிட்டால் எரு, தீவனம் இரண்டையும் நிறுத்துங்கள். தெளிவாக விரல் நகம் தெரிந்தால் மட்டும் மக்கிய எருவைக் கொஞ்சமாக, தவணையாகப் போடலாம். 4 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

சிவகங்கையிலிருந்து: மானியம் எவ்வளவு?

2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று வைத்தார்கள். இப்போது எதற்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், பட்டா நகலோடு.

திருநெல்வேலியிலிருந்து: கட்லாவோடு விரால் கொஞ்சம் விடலாமா? விலை நன்றாக இருக்கிறதே.

கட்லா அரைக் கிலோ ஆன பிறகு விரல் நீள விராலை விட்டால் பிழைக்கும். இரண்டையும் குஞ்சாக ஒன்றாக விட்டால் கடைசியில் கட்லாவைத் தின்ற விலை உயர்ந்த விரால்தான் கிடைக்கும். கரையைச் சுற்றி வலை கட்டுங்கள், விரால் வெளிக்காற்றை மூச்சு விடும் மீன், மழை இரவில் ஈரத்தில் ஊர்ந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

தேனியிலிருந்து: மானியம் உண்டா, எவ்வளவு சார்?

இரண்டு கேள்விக்கு மேலே இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து: தூண்டிலில் ரோகு விழுகிறது, மிர்கால் விழுகிறது, கட்லா மட்டும் விழவே இல்லை. ஒரே மாவுதான் போடுகிறேன்.

வாயைப் பாருங்கள். கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கித் திறக்கும், தலைக்கு மேலே இருப்பதை உறிஞ்சும் வாய். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி. நீங்கள் மாவை அடியில் போட்டுவிட்டுக் கட்லா குனிந்து பொறுக்கும் என்று காத்திருக்கிறீர்கள். தக்கை கட்டி மேல் பாதியில் தொங்க விடுங்கள். தவிடு, வறுத்த கடலைப் புண்ணாக்கு இரண்டையும் தண்ணீரில் சீக்கிரம் கரையும்படி லேசாகப் பிசைந்து, தூண்டில் கயிற்றில் கட்டும் ஸ்பிரிங்கைச் சுற்றிப் பிடியுங்கள். கரைந்து மேகம் மாதிரி நிற்க வேண்டும், அந்த மேகத்தைத்தான் அது உறிஞ்ச வரும். அணை என்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.

காரைக்குடியிலிருந்து: ஆப்பிரிக்கன் கெளுத்தி?

2000இலேயே தடை. வேண்டாம்.

மன்னார்குடியிலிருந்து: பழைய குட்டையில் ஜிலேபி மீனும் குறவை மீனும் மண்டிக் கிடக்கின்றன. வற்றவே வற்றாது. எப்படிக் காலி செய்வது?

இலுப்பைப் புண்ணாக்கு. ஆயிரம் லிட்டருக்கு 250 கிராம். 10 சென்ட்டில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ ஆகும். முதல் நாளே ஊற வைத்துக் கரைத்து எல்லா இடமும் வீசுங்கள். விஷம் முறிய மூன்று வாரம் கொடுங்கள், அப்புறம் அதுவே எருவாகிவிடும். பூச்சி மருந்து மட்டும் வேண்டாம்.

மேலூரிலிருந்து: உங்களை மாதிரி ஆட்கள்தான் நாட்டு மீனை ஒழித்தது. குறவை களையா? அயிரையும் கெளுத்தியும் ஆராலும் இருந்த இடத்தில் இன்றைக்கு எல்லாக் கண்மாயிலும் கட்லா.

கோபம் நியாயம், ஆள்தான் தப்பு. மன்னார்குடிக்காரர் கேட்டது சொந்தக் காசில் வெட்டிய குட்டை. அது மாட்டுக்கொட்டகை மாதிரி, யாரைக் கட்டுவது என்பது அவர் இஷ்டம். கண்மாய் அப்படியில்லை. அங்கே புண்ணாக்குக் கரைக்கச் சொல்லி நான் எங்கேயும் சொல்லவில்லை.

பரமக்குடியிலிருந்து: நான் கண்மாய் ஏலம் எடுத்தவன். லட்சக்கணக்கில் கட்டியிருக்கிறேன். நானும் கரைத்துவிட்டுத்தான் குஞ்சு விடுகிறேன், இதில் என்ன தப்பு?

எல்லாமே தப்பு. நீங்கள் ஏலம் எடுத்தது மீனைப் பிடிக்கும் உரிமையை, கண்மாயை இல்லை. அதில் மாடு தண்ணீர் குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள், கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது. அயிரை என்ன விலை விற்கிறது என்று மதுரையில் போய்க் கேட்டுவிட்டு வந்து, எதைக் கொன்றீர்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மேலூர்க்காரர் மறுபடி: அப்படியென்றால் கட்லாவும் வெளியூர் மீன்தானே? அதையும் கண்மாயில் விடக்கூடாது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

வெளியூர்தான், கங்கைப் பக்கத்து மீன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கட்லா, ரோகு எல்லாம் தேங்கிய தண்ணீரில் சாதாரணமாக முட்டையிடாது, ஆற்று வெள்ளம் வேண்டும். வயிறு நிறைய சினை இருக்கும், குஞ்சு இருக்காது. அதனால்தான் ஒரு காலத்தில் ஆற்றில் குஞ்சு அரித்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1957 ஜூலை 10இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். ஆக, கண்மாயில் கட்லா விடுவதை நிறுத்தினால் சில வருடத்தில் கட்லா இல்லை. ஜிலேபி அப்படியா? 1952இல் இந்தியாவுக்கு வந்தது, வாயிலேயே குஞ்சு பொரித்துப் பெருகும், இனிமேல் யாராலும் திருப்பி அனுப்ப முடியாது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

புதுக்கோட்டையிலிருந்து: கட்லா விடாவிட்டால் மீன்பிடித் திருவிழாவுக்கு ஊத்தாக் கூடையில் என்ன விழும்? சேறா?

எங்கள் ஊரில் நான் சின்னப் பையனாக இருந்தபோது கட்லா கிடையாது. ஊத்தாவைக் கவிழ்த்துக் கையை விட்டால் கெளுத்தி முள் குத்தும், அலறிக்கொண்டே அதை விடாமல் பிடிப்போம். இப்போது ஆளுக்கு ரெண்டு கிலோ கட்லாவைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். எது நல்ல திருவிழா என்று நான் சொல்லப்போவதில்லை, மேலூர்க்காரருக்கும் எனக்கும் இன்னொரு சுற்று ஆரம்பித்துவிடும்.

விழுப்புரத்திலிருந்து: சார், மீன் குட்டைக்கு மானியம்…

உதவி இயக்குநர் அலுவலகம். பட்டா. நேரில்.

தஞ்சாவூரிலிருந்து: நீர்க்காகம் கூட்டமாக வருகிறது.

குட்டைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டுங்கள், இறங்க இடமில்லாமல் போகும். சுடுவது, விஷம் வைப்பது பேச்சே வேண்டாம்.

நாமக்கல் தம்பி, திங்கள் காலை 4.40: அண்ணே, எரு போன வாரமே கொட்டிவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. நேற்று முழுக்க மழை மூட்டம். இப்போது குட்டையில் நிற்கிறேன். எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

மோட்டாரைப் போடு. குட்டைத் தண்ணீரையே எடுத்து, குழாய் முனையை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, பலகையில் அடித்துச் சிதறி விழும்படி விடு. போர் தண்ணீர் இருந்தால் அதையும் அப்படியே சிதற விடு, நேராக விடாதே, அதில் காற்று இருக்காது. கரண்ட் இல்லை என்றால் டீசல் இன்ஜின், அதுவும் இல்லை என்றால் நாலு பேரை எழுப்பிக் குடத்தால் மொண்டு மேலிருந்து ஊற்றச் சொல். குட்டைக்குள் இறங்கி அடிச் சேற்றைக் கலக்காதே. வலை போடாதே. இன்றைக்கும் நாளைக்கும் தீவனம் கிடையாது. வெயில் ஏறி மீன் கீழே போகும் வரை மோட்டாரை நிறுத்தாதே. ஆறு மணிக்கு என்ன நிலைமை என்று எழுது, நான் முழித்துத்தான் இருக்கிறேன்.