மருந்துக்கடைக்காரர் பதில்கள்

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகனின் பையில் வெறும் மாத்திரை அட்டைகளும் ஓர் ஊசியும் இருந்தன. அட்டையில் ‘டேபென்டடால்’ என்று போட்டிருக்கிறது. கேட்டால், கால்பந்து ஆடியதில் முழங்கால் வலி என்கிறான். நம்பலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: நம்பாதீர்கள் அம்மா. மாத்திரையை விழுங்குகிறவனுக்கு ஊசி எதற்கு? டேபென்டடால் கடும் வலிக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் எழுதுவது. மூளையில் மார்ஃபின் பிடிக்கும் இடத்தையே இதுவும் பிடிக்கும். இதே இனத்து டிரமடாலை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு என் கடைக்கு வந்த பையன்கள் டேபென்டடாலைக் கேட்க ஆரம்பித்தார்கள். யாருடைய சீட்டையோ செல்போனில் படம் பிடித்து வைத்திருப்பார்கள். இருபது வயதுப் பையன் நீட்டும் சீட்டில் நோயாளிக்கு வயது 62 என்றிருக்கும். விலை கேட்க மாட்டார்கள். பாராசிட்டமாலுக்கே பேரம் பேசுகிற ஊரில் விலை கேட்காதவனைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மாத்திரை வயிற்றுக்காகச் செய்தது. அதை ஊசியில் ஏற்றினால், அதில் சேர்த்திருக்கும் டால்க் போன்ற பொடிகள் ரத்தத்தில் கரையாமல் போய் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். ஊசி கைமாறினால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே வரும். அளவு மீறினால் மூச்சு நிற்கும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் ஆபத்து. அவன் கண்ணைப் பாருங்கள். போதையில் கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருக்கும். மருந்து கிடைக்காத நாளில் விரியும். கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல், பேதி எல்லாம் வரும். அது நடிப்பல்ல.

அறையில் பூட்டிவைக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் வழி சொல்வார்கள். மொட்டையடித்துச் சங்கிலி போடும் ‘மறுவாழ்வு இல்லங்களை’ யாராவது சிபாரிசு செய்தால், உரிமம் எங்கே, மனநல மருத்துவர் யார் என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று: கொஞ்ச நாள் நிறுத்தியவன் மறுபடி பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது. பலர் சாவது அப்போதுதான். வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் கண்ணில் வைத்திருங்கள்.

கேள்வி: கஞ்சா பழகிய தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகுமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆகாது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. சிறிய அளவோடு பிடிபட்டவர் கூடத் தானே சிகிச்சைக்கு முன்வந்தால், வழக்கிலிருந்து விடுபட 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவில் இடமிருக்கிறது. விற்றவருக்கு இந்தச் சலுகை இல்லை.

கேள்வி: இடுப்பு அறுவை சிகிச்சை செய்த என் மாமியாருக்கு டேபென்டடால் எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, நிறுத்திவிடட்டுமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பயந்துகொண்டு கிழவியை வலியில் துடிக்க விடாதீர்கள். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை கொடுங்கள். எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். அட்டையை ஃபிரிட்ஜ் மேலே போட்டுவைக்காமல் பீரோவில் பூட்டுங்கள். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் தினமும் எண்ணிப் பாருங்கள்.