சிறுகதை எழுதுபவருக்கு எந்த வலைப்பதிவுத் தளம் எளிது?

வெள்ளவத்தையிலிருந்து சிறுகதை எழுதுகிறேன், கணினி அறிவு குறைவு, எந்தத் தளம் எளிது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாகரில் தொடங்குங்கள் என்பேன். 1999இல் தோன்றி, 2003இல் கூகுள் வாங்கிய தளம். தோற்றம் பழசுதான். ஆனால் ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், காசு கேட்காது. பின்னர் சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்றே ஓர் இணைய முகவரி, வாங்கினாலும் கூடுதல் கட்டணமின்றி இணைக்கலாம். இன்னொரு வலைப்பதிவுத் தளமான வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் அதற்கு வழியில்லை. நடுவே விளம்பரமும் வரும்.

எந்தத் தளமானாலும் நான் முதலில் தேடுவது வெளியேறும் வாசலைத்தான். நண்பர் ஒருவர் இலவசத் தளமொன்றில் எழுதிய கதைகள் அது மூடப்பட்டபோது அதோடு போயின. பிரதி ஏதும் அவரிடம் இல்லை. பிளாகர் அமைப்புகளில் பதிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நாளை வேர்ட்பிரஸுக்கு மாறினாலும் அந்தக் கோப்பை அங்கே ஏற்றலாம். மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய தலைவலி: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கதைகளை அப்படியே ஒட்டாதீர்கள். வாசகருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்; அப்போதுதான் தேடுபவர் கண்ணிலும் படும்.