இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் பணி விவரங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான். தாத்தா வெள்ளைக்காரர் காலத்துப் பட்டாளத்தில் இருந்தார். 'பர்மா சண்டைக்குப் போனவர்' என்று வீட்டில் சொல்கிறார்கள். பெயரைத் தவிர கையில் வேறொன்றும் இல்லை. லண்டனுக்கு எழுதிக் கேட்டால் கிடைக்குமா?

லண்டனுக்கு இப்போது எழுத வேண்டாம். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன், ஆறு மாதம் வீணானது. பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அதிகாரிகளைப் பற்றி நிறைய இருக்கிறது. ஆனால் நம் ஊரிலிருந்து போன சிப்பாய்களின் தனிப்பட்ட பணித் தாள்கள் கப்பலேறிப் போகவே இல்லை. அவை அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸிலேயே இருந்தன. அதாவது பெங்களூரிலோ குன்னூர் பக்கத்து வெலிங்டனிலோ கேட்க வேண்டியதை நான் தேம்ஸ் நதிக்கரையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தாத்தா கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டிய வழி அதிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு 'பட்டாளத்தார் வீடு' இருக்கும், எங்கள் வீடும் அதில் ஒன்று. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அவர் விட்டுச் சென்றவை ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் மூன்று பதக்கங்கள், ஒரு புகைப்படம். 'ரங்கூனில் எடுத்த படம்' என்று அத்தை சொல்வார். படத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரை மங்கலாக இருக்கும், அதிலிருப்பது பர்மா எழுத்து என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது பதக்கத்தைப் பார்த்துத்தான். ஆறு முனையுள்ள நட்சத்திரம் ஒன்று, அதன் நடு வட்டத்தில் ஆங்கிலத்தில் 'ஆப்பிரிக்கா ஸ்டார்' என்று அச்சாகவே இருந்தது. எழுபது வருடமாக வீட்டில் இருந்த பொருள்! ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு எடுத்துப் பொட்டு வைத்தார்கள், யாரும் வாசிக்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டில் எனக்குத் தெரிந்த, அரபி வாசிக்கும் ஹஜரத் ஒருவரிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை நகர்த்தி, 'அல் காஹிரா' என்றார். கெய்ரோ.

பிறகுதான் ஆயா சொன்னதாக அப்பா அடிக்கடி சொல்லும் ஒன்று உறைத்தது: 'அங்கே எங்கு பார்த்தாலும் மணலாம், குளிக்கத் தண்ணீர் கிடையாதாம்.' பர்மாவில் ஏது மணல்காடு? 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பி வந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அவர்களுடைய கதையும் தாத்தாவின் கதையும் திண்ணைப் பேச்சில் ஒன்றாகிவிட்டிருக்க வேண்டும். மணல் என்ற செய்தி சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, ஊர்ப் பெயர்தான் மாறிவிட்டது. அதனால் வீட்டுக் கதையைத் தூக்கி எறியாதீர்கள். அதில் வரும் இடப்பெயர்களை மட்டும் நம்பாதீர்கள்.

பதக்கம் சொல்லும் சாட்சி கெட்டி. ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரையிலான காலத்துக்கு உரியது. அது ஒருவரிடம் இருந்தால் அந்தத் தேதிகளுக்குள் அவர் அந்தப் போர்முனைப் பகுதியில் இருந்திருக்கிறார் என்று பொருள். பர்மா போர்முனைக்குப் பர்மா ஸ்டார் என்றே தனியாக உண்டு, இத்தாலிக்கு இத்தாலி ஸ்டார். வட்டமான 'வார் மெடல்' பொதுவானது, இடம் எதையும் சொல்லாது. ஒரு நட்சத்திரம் பெட்டியில் இல்லை என்பதால் அவர் அங்கே போகவில்லை என்று முடிவுகட்ட முடியாது. பதக்கங்கள் தொலையும், குழந்தைகள் விளையாடி எறியும், பாத்திரக்காரனிடம் போகும்.

இதைவிட முக்கியமானது பதக்கத்தின் விளிம்பு. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்திய ராணுவத்துக்குக் கொடுத்தவற்றில் பொறித்தார்கள். வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில், நட்சத்திரம் என்றால் பின்புறத்தில், எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் சிறிய எழுத்தில் இருக்கும். எங்கள் தாத்தாவின் பதக்கத்தில் பெயருக்கு முன்னால் 'எஸ்.பி.ஆர்.' என்று இருந்தது. அது அவருடைய இனிஷியல் என்று நினைத்து, எஸ் எந்த ஊர், பி யார் என்று சித்தப்பாவும் நானும் ஒரு மாலை முழுக்க வம்சாவளியைக் குடைந்தோம். அது 'சாப்பர்' என்ற பதவியின் சுருக்கம். பின்னால் இருந்த 'ஐ.இ.' இந்தியன் இன்ஜினியர்ஸ். தாத்தா துப்பாக்கிப் படைக்காரர் அல்லர். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது என்று இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆள்.

இங்கேதான் நான் இரண்டாவது தவறு செய்தேன். மெட்ராஸ் என்றாலே மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று நினைத்து வெலிங்டனுக்கு எழுதினேன். அது காலாட்படை. பழைய மெட்ராஸ் காலாட்படையை இரண்டு போர்களுக்கும் இடையில் கலைத்துவிட்டு, 1941இல் மறுபடி எழுப்பினார்கள். சாப்பர்ஸ் வேறு. 1780இல் தொடங்கியவர்கள், பெங்களூரில் அல்சூர் ஏரி அருகே மையம், இப்போது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று பெயர். லாரி ஓட்டியவர்கள், சரக்குப் பிரிவில் இருந்தவர்கள், ராணுவ மருத்துவமனையில் இருந்தவர்கள் ஆகியோருக்கெல்லாம் அவரவர் கோரின் (பணிவகைப் படைப்பிரிவின்) ரெக்கார்ட் ஆபீஸ் தனி. எந்தக் கோர் என்று தெரியாமல் எழுதும் கடிதம் கிணற்றில் போட்ட கல்.

எண் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் முனுசாமிகளும் கோவிந்தசாமிகளும் எத்தனை இருந்திருப்பார்கள்! இனிஷியல் கிடையாது, ஒற்றைப் பெயர்தான். அதையும் ஆள் சேர்க்கும் இடத்து குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். 'சாமி' ஒரு தாளில் எம்-ஒய் என்று முடியும், இன்னொன்றில் எம்-ஐ, மூன்றாவதில் நடுவே ஒரு டபிள்யூ முளைத்திருக்கும். எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அக்காலத்து எண்கள் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி வரிசை என்பதால், கோரின் பெயரில்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டும் பயனில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆள்.

எங்கள் எண்ணில் ஓர் இலக்கம் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டு எண்களையும் எழுதி, தாத்தாவின் அப்பா பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் சேர்த்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு பெங்களூர் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினேன். கிராமத்தின் பெயரையும் தாலுகாவையும் அன்றைய கணக்குப்படி எழுத வேண்டும். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் 1941இன் பதிவேட்டில் எப்படித் தேடுவார்கள்? தந்தை பெயர் எனக்குக் கைகொடுத்தது, இரண்டில் ஒன்று பொருந்தியது.

வந்த பதில் அரைப் பக்கம். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு சிப்பாய் சேரும்போது 'ஷீட் ரோல்' என்று ஒரு தாள் திறப்பார்கள். உயரம், அங்க அடையாளம், தந்தை பெயர், வாரிசு, சாதி வகுப்பு, தண்டனை, விடுப்பு எல்லாம் அதில் ஏறும். அது கிடைத்தால் புதையல். ஆனால் ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் தாள்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி, இப்போதைய கணக்கில் 25 ஆண்டு. போர் முடிந்ததும் லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியம் பெறும் அளவுக்குப் பணியாற்றாதவர்கள். எங்கள் தாத்தாவும் அப்படித்தான். அழிந்த தாளுக்குப் பதிலாக மிஞ்சுவது 'லாங் ரோல்' என்கிற நீண்ட பதிவேட்டில் ஒரு வரி. எண், பெயர், தந்தை பெயர், சேர்ந்த நாள் 1941இல், விடுவிக்கப்பட்ட நாள் 1946இல். ஐந்து வருடம் ஒரு வரியில் முடிந்துவிட்டது.

அந்த ஒரு வரியை அச்செடுத்துக் காட்டியபோதுதான் சின்னத் தாத்தா வீட்டில் இன்னொரு கதவு திறந்தது. 'இது போல ஒரு கடுதாசி எங்களிடமும் இருக்கிறதே' என்று, சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த உறையை எடுத்தார்கள். தாத்தா தன் தம்பிக்கு 1943இல் எழுதியது. உள்ளே ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. எழுதவும் கூடாது, தணிக்கை உண்டு. மாடு கன்று போட்டதா, வாய்க்கால் வரப்புத் தகராறு என்ன ஆயிற்று என்றுதான் எழுதியிருந்தார். செய்தி இருந்தது உறையின் மேல்தான். அனுப்புநர் முகவரியில் வேறு யாரோ அழகான ஆங்கிலத்தில் எண், பெயர், '11 பீல்ட் பார்க் கம்பெனி' என்று எழுதியிருந்தார்கள். அது சாப்பர்ஸின் ஒரு பிரிவு. மங்கிப்போன அந்த இலக்கம் 3தான் என்பது அங்கேயும் உறுதியானது. முத்திரையில் பீல்ட் போஸ்ட் ஆபீஸ் (ராணுவத் தபால் நிலையம்) எண் ஒன்றும் இருந்தது. இந்த எண்கள் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தன என்பதைத் தபால்தலை சேகரிப்பவர்கள் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். ராணுவ ஆட்களைவிட அவர்களிடம் கேட்பது சுலபம், சொல்வதற்கு அவ்வளவு ஆசையாக இருப்பார்கள்.

கம்பெனி எண் தெரிந்த பிறகுதான் லண்டனுக்கு வேலை. அங்கே கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. கோப்பு வரிசை மத்திய கிழக்கு என்றால் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 169, இத்தாலி 170, பர்மா பக்கம் 172. படிப்பாளர் அட்டை இலவசம், சொந்தக் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே படிக்கும் அத்தை பேத்தி ஒரு சனிக்கிழமை போய் எடுத்து அனுப்பினாள். எத்தனை மைல் சாலை, எத்தனை வெடி, எந்தப் பாலத்துக்கு என்ன சாமான் என்று நாள்தோறும் போகிறது. பெயரோடு வருபவர்கள் அதிகாரிகள். மற்றவர்கள் எண்ணிக்கையாக வருவார்கள். நான் படித்த பக்கங்களில் தாத்தா 'மேலும் இருபது பேர்' என்பதற்குள் எங்கோ இருந்தார்.

இதே 11ஆவது பீல்ட் பார்க் கம்பெனியில்தான் சுபேதார் சுப்பிரமணியன் இருந்தார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி ஒன்றின் மேல் தன் உடலைக் கிடத்தி, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்து, ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றவர். இதைச் சொன்ன அன்றே எங்கள் வீட்டில் 'தாத்தா பக்கத்தில்தான் நின்றிருந்தார்' என்று ஒரு கதை முளைக்கத் தொடங்கியது. நான் பிடிவாதமாக மறுத்தேன். கடிதம் 1943இல் எழுதியது, அடுத்த பிப்ரவரியில் அவர் அதே கம்பெனியில் இருந்தாரா என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. ரங்கூன் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்பது அன்று கண்ணெதிரே புரிந்தது.

உங்கள் தாத்தா போரிலேயே இறந்தவர் என்றால் வழி வேறு, சுலபமும்கூட. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும்கூட இருக்கும். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருக்கும்போது நோயில் இறந்தவர்களும் அதில் அடக்கம். பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவிடத்திலும், மலேயா பக்கம் இறந்தவர்களுடையவை சிங்கப்பூர் கிராஞ்சியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. உயிரோடு திரும்பியவர் பெயர் அங்கே இருக்காது. 'தேடினேன், இல்லை, அவர் பட்டாளத்திலேயே இல்லை போல' என்று ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். இல்லாதது நல்ல செய்தி ஐயா என்றேன்.

பணம் வாங்கிக்கொண்டு 'முழு சர்வீஸ் ரெக்கார்ட்' எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். அழிக்கப்பட்ட தாளை யாராலும் எடுத்துத் தர முடியாது.

முதலில் வீட்டைக் கிளறுங்கள். டிஸ்சார்ஜ் சான்றிதழ், மணியார்டர் ரசீது, படத்தின் பின்புறம், உறை, பங்காளி வீட்டுப் பரண். பாட்டி விதவை உதவித்தொகை ஏதாவது வாங்கியிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பழைய கோப்பு இருக்கலாம், அதில் எண் இருக்கும். பதக்கம் கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் அத்தை ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பளபளவென்று தேய்த்துத்தான் அந்த 3 பாதி 8 ஆனது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பைச் சுற்றிலும் படமெடுங்கள், தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், எந்தக் கோர் என்று பார்க்கலாம்.